கிட்ட வந்தால் வெடிக்காது

அருப்புக்கோட்டை
19.7.2025

சுவாதிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அம்மா வீட்டுச் சாப்பாடு.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்காதே. "இனிமே உங்ககூட போன்ல ஒரு வார்த்த பேசுனா நான் இருளப்பசாமிக்கு ஆகாதவ" என்று வாசலில் நின்று கத்தியது நீ. "எனக்கும் அதேதான்" என்று பதிலுக்குக் கத்தியது நான். குலதெய்வத்தின் மேல் செய்த சத்தியத்தை மீறுகிற தைரியம் எனக்குக் கிடையாது. நல்லவேளை, இரண்டு பேருமே கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தபால் என்று ஒன்று இருப்பதே அந்த ஆத்திரத்தில் ஞாபகம் வந்திருக்காது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடிக்குத் தாய்வீடு போகும் புதுப்பெண் சேலை கொண்டுபோவாள், நகை கொண்டுபோவாள். நீ என் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கொண்டுபோயிருக்கிறாய். கோபுர உயரத்து ரோபோக்களான கருவேலனும் இரும்பரசனும் திருச்சுழிப் பொட்டலில் மோதும் அத்தியாயம். கடையில் தறிச்சாமான் விற்றுக்கொண்டே வருஷக்கணக்காக எழுதியது. கையெழுத்துப் பிரதி. நகல் இல்லை.

அப்துல் பாரி தினமும் கடை வாசலில் வந்து நிற்கிறான். அவன் அச்சகத்துக்கு ஆடி மாதம்தான் ஓய்வு. கல்யாணம் இல்லை, ஆகவே பத்திரிகை அடிக்கும் வேலையும் இல்லை. "ஏலே சங்கரு, ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை வர ஆரம்பிச்சிட்டா ஒன் ரோபோவையெல்லாம் மூட்ட கட்டிப் பரண்ல போட்டுருவேன்" என்கிறான். ஆகஸ்டு பதினைந்தாம் தேதிக்குள் அத்தியாயம் அவன் கையில் இருக்க வேண்டும்.

நாம் சண்டை போட்ட நேரம் அம்மா கோயிலுக்குப் போயிருந்ததால் அவர்களுக்கு எதுவும் தெரியாது. மருமகள் முறைப்படி ஆடிக்குப் போயிருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். பக்கங்களை உடனே அனுப்பவும்.

சங்கர்


எம்.ரெட்டியபட்டி
22.7.2025

தறிச்சாமான் கடை முதலாளி திரு. சங்கர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. அப்பாவின் உரக்கடையில் யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எலி வராது.

நீங்கள் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டியபோது நான் சிரித்தது வாஸ்தவம். பாரி அண்ணனும்தான் சிரித்தார். அவரை நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, அவர் முன்னாலேயே, "நீ போய்க் கொழம்புல உப்பு சரியா இருக்கான்னு பாரு, போ" என்றீர்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே உங்கள் நாவலை முழுக்க உட்கார்ந்து படித்தவள் நான். உங்கள் அம்மா படிக்கவில்லை. பாரி அண்ணன் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். படித்தவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

எதற்குச் சிரித்தேன் என்று இப்போதாவது சொல்கிறேன், கேளுங்கள். கருவேலனை ஓட்டுகிற மாறவேல், ஏவுகணையை விடுவதற்கு முன்னால், "வானைப் பிளக்கும் வச்சிரக் கணையே, வஞ்சகன் நெஞ்சை வகுந்திட வருவாய்" என்று ஆரம்பித்து நாலு வரி கத்துகிறான். அதுவரைக்கும் இரும்பரசன் என்ன, டீ குடித்துக்கொண்டு நிற்பானா?

இரண்டாவது, தோளில் இருக்கிற அத்தனை ஏவுகணையையும் ஒரே மூச்சில் விட்டுவிடுகிறான். சரி, தீர்ந்தது. அடுத்த பக்கத்தில் அதே தோளிலிருந்து மறுபடியும் விடுகிறான். எங்கிருந்து வந்தது? லோடு ஏற்றிக்கொண்டு லாரி வந்ததாக எழுதவே இல்லையே!

மூன்றாவதுதான் எனக்கு ஆத்திரம். இத்தனை பெரிய நாவலில் செந்தாமரை என்று ஒரே ஒரு பெண். அவள் கடைசிவரை ரோபோவின் காலடியில் டிபன் கேரியரோடு நிற்கிறாள்.

சுவாதி


அருப்புக்கோட்டை
24.7.2025

சுவாதிக்கு,

உனக்குப் போர்முறை தெரியாது. தெரியாததில் தப்பில்லை.

ஏவுகணையை ஒவ்வொன்றாக விட்டால் இரும்பரசனின் மார்பிலிருக்கும் துப்பாக்கி அவற்றை வானத்திலேயே சுட்டுத் தள்ளிவிடும். எல்லாம் மொத்தமாகப் போனால்தான் அவனுக்குக் கை ஓடாது. தேர்க் கூட்டத்தில் ஒரு போலீஸ்காரர் எத்தனை பேரைப் பிடித்து நிறுத்துவார்? அதுதான் என் கணக்கு. தவிர, கருவேலனின் ஏவுகணைகள் வெப்பத்தைத் தேடிப் போகிறவை. கொதிக்கிற எஞ்சினோடு இரும்பரசன் எங்கே ஓடினாலும் துரத்தும். தப்பவே முடியாது.

பெயர் சொல்லி ஏவுவது மரபு. அதை மாற்ற மாட்டேன். இரண்டு வரியாகக் குறைக்கிறேன். லாரி விஷயம் நியாயம்தான், சேர்த்துவிடுகிறேன். செந்தாமரை சாப்பாடு கொண்டுவருவதில் என்ன கேவலம்? வீரனுக்கும் பசிக்கும்.

பக்கங்கள் இன்னும் வந்து சேரவில்லை.

சங்கர்


எம்.ரெட்டியபட்டி
27.7.2025

சங்கர் அவர்களுக்கு,

நேற்றுச் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கரிமூட்டம். கருவேல விறகை அடுக்கி, மண்ணால் மூடி, நாள்கணக்கில் உள்ளே கனல விடுகிறார்களே, அதுதான். உங்கள் திருச்சுழிப் பொட்டலிலும் இருக்கும். இப்போது சொல்லுங்கள், வெப்பத்தைத் தேடுகிற ஏவுகணை அங்கே எதைத் தேடிப் போகும்? இரும்பரசன் ரெண்டு மூட்டத்துக்கு நடுவில் எஞ்சினை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டால் போதும். உங்கள் வச்சிரக் கணை எல்லாம் போய்க் கரிக்காரர்கள் பிழைப்பைக் கெடுத்துவிட்டு வரும்.

மொத்தமாக விடுகிற யோசனை நல்லதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதலில் மருந்து இல்லாத வெற்றுக் கணைகளை விடச் சொல்லுங்கள். அவன் அதைச் சுட்டுச் சுட்டுக் குண்டைத் தீர்க்கட்டும். அப்புறம் நிஜத்தை விடலாம்.

இன்னொன்று. அவன் வறண்ட கண்மாய்க்குள் கரைக்குப் பின்னால் பதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கரைக்கு இந்தப் பக்கம் நிற்கிற மாறவேலுக்கு அவன் எங்கே என்று எப்படித் தெரியும்? கரைமேல் ஒரு ஆள் நின்று பார்த்து இடம் சொல்ல வேண்டும். பார்க்கிறது ஒருத்தர், ஏவுகிறது ஒருத்தர். இரண்டு பேர் வேலை அது. அங்கேதான் கேரியரோடு ஒருத்தி சும்மா நிற்கிறாளே.

உங்கள் கவரை அப்பா கடைக்கு வருகிற எல்லோரிடமும் காட்டுகிறார். "இந்தக் காலத்துல பொண்டாட்டிக்கு லெட்டரு போடுற மாப்பிள்ளைய எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?" உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, பாவம்.

சுவாதி


அருப்புக்கோட்டை
29.7.2025

சுவாதி,

இன்று முழுக்கக் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு எழுதினேன். பாபின் கேட்டு வந்தவருக்கு அம்மா ஷட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போகட்டும்.

உன் யோசனை எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். கரிமூட்டம் பிரமாதம்! வெற்றுக் கணைகளும் சேர்த்தாயிற்று. செந்தாமரை கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கண்மாய்க்கரையில் ஏறுகிறாள். கையில் ஒரு ஒளிக்கருவி. அதன் வெளிச்சம் இரும்பரசன் மேல் விழுகிற இடத்தில் கருவேலனின் கணை வந்து இறங்குகிறது. படிக்கும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

உச்சக்கட்டம் இன்னும் கேள். கோபம் கொண்ட இரும்பரசன் கரையை நோக்கி ஒரு ஏவுகணையை விடுகிறான். செந்தாமரை மாறவேலின் பெயரைச் சொல்லிக்கொண்டே உயிரை விடுகிறாள். அவன் அவளை மடியில் போட்டு அழுகிறான். அப்போது அந்த வறண்ட பூமியில் மழை கொட்டுகிறது. பாரி படித்துவிட்டுக் கைலியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இனி நீ வைத்திருப்பதில் முதல் பாதி மட்டும் போதும். போரின் தொடக்கம் அதில்தான் இருக்கிறது. தயவுசெய்து அனுப்பு.

சங்கர்


எம்.ரெட்டியபட்டி
31.7.2025

கேரியரைக் கீழே வைக்கச் சொன்னால் அவளைப் பாடையில் வைத்துவிட்டீர்கள்.

ஒரு பெண் உருப்படியாக ஒரு வேலை செய்தால் உடனே செத்துப்போக வேண்டுமா? அவள் செத்தால்தான் உங்கள் ஆளுக்கு அழுகை வருமா, உங்கள் ஊருக்கு மழை வருமா? நல்ல வானிலை அறிக்கை!

பக்கத்துக் காட்டில் திங்கட்கிழமை புதுக் கரிமூட்டத்துக்குத் தீ வைக்கிறார்கள். பற்றவைக்கக் காகிதம் வேண்டுமாம். நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

சுவாதி


(தபால் அட்டை)

அருப்புக்கோட்டை
2.8.2025

சுவாதி, அவசரம். கையில் கவர் இல்லை. எதையும் எரித்துவிடாதே. நான் செந்தாமரையைக் கொல்லவில்லை. உடல் கிடைக்காதபடி செய்துவிட்டேன். ஏவுகணைகளில் பாதியைக் கண்மாயிலும் மீதியை உங்கள் பக்கத்துக் கரிமூட்டத்திலும் மறைத்தாயிற்று. தாக்குதல் நீ சொன்ன திட்டப்படியேதான். மாமா கடையில் யூரியா மூட்டைக்குப் பின்னால் இருப்பதை யார் கண்ணிலும் படாமல் வைத்திரு. பதினைந்தாம் தேதிக்குள் எல்லாம் முடிய வேண்டும். சங்கர்.


எம்.ரெட்டியபட்டி
6.8.2025

மகாராசரே,

உங்களுக்குக் கவர் வாங்க ஆறு ரூபாய்கூடவா கிடைக்கவில்லை? தபால் அட்டை என்றால் ஊர்ப்பொது என்று தெரியாதா? டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் சுற்றி, ஊரே படித்த பிறகுதான் அது என் கைக்கு வந்தது. அதற்குள் ஏட்டையா பைக்கில் வந்து இறங்கிவிட்டார். சுதந்திர தினம் வருகிற நேரம். உரக்கடை. ஏவுகணை. கொல்லவில்லை, உடல் கிடைக்காது. அவர் என்ன செய்வார் பாவம், வந்து பார்க்கத்தானே வேண்டும்.

"அண்ணாச்சி, மூட்டைகளக் கொஞ்சம் நகத்துங்க" என்றார். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. பின்னாலிருந்து உங்கள் பக்கங்களை எடுத்தார்கள். ஏட்டையா சத்தமாக வாசித்தார். "வானைப் பிளக்கும் வச்சிரக் கணையே" என்று அவர் வாசித்தபோது கடை வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வேறு வழியில்லாமல் நான்தான் விளக்கினேன். உரம் அள்ளுகிற கரண்டி கருவேலன், எடைத் தராசு இரும்பரசன், பருத்திவிதைப் பாக்கெட்டுகள் கரிமூட்டம், கணக்குப்பிள்ளை மேசை கண்மாய்க்கரை. மேசைமேல் நிறுத்திய சோடாப் பாட்டில் செந்தாமரை. ஏட்டையா முதலில் நின்றுகொண்டு கேட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "சரி தாயி, கருவேலன்கிட்ட கணை தீந்துபோச்சு. எதிராளிகிட்ட இன்னும் இருக்கு. இப்ப இவன் என்ன செய்வான்?" எனக்குத் தெரியவில்லை, எழுதுகிறவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். "பதிமூணாம் தேதி இந்தப் பக்கம் பீட் வாரேன், அதுக்குள்ள கேட்டு வைய்யி. அந்தப் புள்ள பொழச்சிக்கிருமா, அதையும் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் போன பிறகு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏத்தா, அப்ப இதெல்லாம் லவ் லெட்டரு இல்லையா?" என்று கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆடி முடிஞ்சதும் நானாக் கொண்டுபோய் விட மாட்டேன். ஒனக்குப் போகணும்னு தோணுனா பஸ் ஏறு. தோணலன்னா இரு" என்றார்.

எனக்குத் தோன்றவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். இத்தனை கடிதத்திலும் தோளைப் பற்றி எழுதினீர்கள், துப்பாக்கியைப் பற்றி எழுதினீர்கள். அந்த உப்பைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பாரி அண்ணன் முன்னால் நான் எப்படி நின்றேன் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? எனக்கு வலித்தது. இன்னும் வலிக்கிறது. ஆவணி பிறந்தால் நான் வருவேன் என்று அத்தையிடம் சொல்லி வைக்காதீர்கள்.

பக்கங்களை எரிக்கவில்லை. ஏட்டையா பத்திரமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்.

சுவாதி


அருப்புக்கோட்டை
8.8.2025

சுவாதி,

மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஏட்டையாவிடமும் சொல். தபால்காரரிடமும், அலைந்திருப்பார். கரிக்காரர்கள் யாராவது பயந்திருந்தால் அவர்களிடமும் சொல்.

உப்பு விஷயம் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்தேன். இந்த ஊரில் என்னை எழுத்தாளன் என்று நம்புகிறவன் பாரி ஒருத்தன்தான். அவன் முன்னால் நீ சிரித்ததும் எனக்குக் கூசிப்போயிற்று. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வேறு எந்த அர்த்தமும் அதில் கிடையாது. அன்றைக்குக் காலையிலிருந்தே கடையில் வியாபாரம் இல்லை, கரண்டும் இல்லை, காற்று வேறு ஒரே தூசி. நீ புரிந்துகொள்வாய் என்று நினைத்தேன்.

நீ வரவில்லை என்றால் எனக்கு என்ன ஆகும் என்று எழுதத் தெரியவில்லை. ரோபோ அழுவதை எழுதத் தெரிகிறது. இது வரவில்லை.

ஏட்டையாவின் கேள்விக்கு: கருவேலனுக்குக் கணை தீர்ந்த நேரம் மதுரைப் பக்கமிருந்து லாரியில் புது லோடு வந்து இறங்குகிறது. நீதானே லாரி கேட்டாய்.

சங்கர்


எம்.ரெட்டியபட்டி
10.8.2025

லாரி வேண்டாம்.

தபால்காரர் வரைக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என் முறை வந்ததும் கரண்டு இல்லை என்கிறீர்கள். மாமா, நீங்கள் எழுதியதில் "எழுதத் தெரியவில்லை" என்ற இடம் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. அதை மட்டும் ரெண்டு தடவை படித்தேன்.

கருவேலன் என்ன செய்வான் என்று நானே யோசித்துவிட்டேன். உங்கள் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் நீங்களே ஒன்று எழுதியிருக்கிறீர்கள். ஏவுகணை புறப்பட்டவுடனே வெடிக்காது. ஏவினவன் முகத்திலேயே வெடித்துவிடக் கூடாது என்பதற்காக, கொஞ்ச தூரம் பறந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும்படி செய்து வைத்திருப்பார்கள். கிட்டத்தில் இருக்கிறவன்மேல் விட்டால் சும்மா முட்டிக் கீழே விழும். எழுதிவிட்டு மறந்துவிட்டீர்கள். உங்களுக்கு மறதி அதிகம்.

ஆகவே கணை இல்லாத கருவேலனுக்கு ஒரே வழிதான். பொட்டலில் இறங்கி நடக்க வேண்டும். அவன் ஏவ ஏவ நடந்துபோய், கைநீட்டினால் தொடுகிற இடத்தில் நிற்க வேண்டும். நடுவில் இருக்கிற தூரம்தான் பயம். அதைத் தாண்டிவிட்டால் எதிராளி எத்தனை வைத்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அருப்புக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஏவுவது சுலபம். இரண்டு பேரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். நானும்தான்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன்.

சுவாதி


எம்.ரெட்டியபட்டி பஸ் ஸ்டாப், டீக்கடை
13.8.2025

சுவாதி,

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டேன். ஆடியில், அழைப்பில்லாமல், ஒரு புது மாப்பிள்ளை. இறங்கினதுமே ஒருத்தர் கேட்டுவிட்டார், "ஆடி முடிய இன்னும் மூணு நாளுதான மாப்ள, அதுக்குள்ள பொறுக்கலையோ?" டீக்கடையே சிரித்தது. சிரிக்கட்டும்.

பாரியையும் கூட்டி வந்திருக்கிறேன். சொன்ன வார்த்தையை அவன் முன்னால்தான் சொன்னேன், அவன் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும். இதை எழுதும்போதே அவனுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன். நான் சொன்னது தப்பு. காற்றும் காரணமில்லை, கரண்டும் காரணமில்லை. நீ சரியாகச் சொன்னாய், எனக்கு அது பொறுக்கவில்லை. உன்னைச் சின்னதாக்கினால் நான் பெரிதாகிவிடுவேன் என்று நினைத்தேன். மன்னித்துவிடு. நீ இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை. "மொதல்லயே இதச் சொல்லித் தொலச்சிருந்தா எனக்கு ஆட்டோக் கூலியாவது மிஞ்சியிருக்கும்லே" என்கிறான் பாரி.

செந்தாமரை சாகவில்லை. கரையிலும் நிற்கவில்லை. கருவேலனுக்குள் இரண்டாவது இருக்கை போட்டுவிட்டேன். அவள் பார்க்கிறாள், அவன் நடத்துகிறான். இரும்பரசன் ஏவ ஏவ இருவரும் நடந்து போகிறார்கள். யாரும் எதையும் கத்துவதில்லை.

அட்டையில் உன் பெயரும் வருகிறது. பாரி நேற்றே அச்சுக்கோத்துவிட்டான். பழக்கதோஷத்தில் மேலே பிள்ளையார் சுழி போட்டு, இரண்டு ஓரத்திலும் குத்துவிளக்கு வைத்து, நடுவில் வளைந்த எழுத்தில் 'சங்கர் – சுவாதி' என்று அடித்திருக்கிறான். ராட்சத ரோபோ நாவல் மாதிரியே இல்லை. முகூர்த்த நேரம் மட்டும்தான் குறைச்சல்.

மாமா கடை வாசலில் நின்று இந்தப் பக்கமே பார்க்கிறார். ரோட்டைத் தாண்டினால் கடை. கால் வரவில்லை. இந்தத் தூரத்துக்கு ஏவுகணை வெடிக்குமா, வெடிக்காதா? ஏட்டையாவும் இங்கேதான் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். முடிவைச் சொன்னால்தான் பீட் போவேன் என்கிறார். இதை அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன்.

சங்கர்


(அதே தாளின் பின்பக்கம்)

ஏங்க,

இப்போ நிற்கிற தூரம்தான் ரொம்ப ஆபத்து. ரோட்டைத் தாண்டுங்க. அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், ஸ்டூல் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பாரி அண்ணனையும் ஏட்டையாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. பக்கங்களை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டேன்.

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. உப்பு சரியா இருக்கான்னு பாருங்க, வாங்க.

சுவாதி